தூக்குமேடையருகே ஒரு சிரிப்பு: ஆர்வெல் காட்டும் சிறையதிகாரிகள்

சிறையைப் பற்றி எழுந்த இலக்கியம் பெரும்பாலும் கைதியின் இலக்கியமாகவே இருந்து வருகிறது. உருசிய நாட்டின் தாஸ்தாயெவ்ஸ்கி சைபீரியச் சிறையில் தாம் கழித்த 4 ஆண்டுகளின் அனுபவத்தை நாவலாக்கினார். தமிழகத்தின் வ. உ. சிதம்பரனார் கோயம்புத்தூர், கண்ணனூர்ச் சிறைகளில் தாம் பட்ட பாடுகளைத் தம் சுயசரிதையில் செய்யுளாகவே பாடி வைத்தார். இத்தகைய நூல்களில் அடைக்கப்பட்டவன் பேசுகிறான். அடைத்தவனோ பூட்டும் பிரம்பும் தாங்கிய உருவமாகத் தோன்றி மறைகிறான். துன்புற்றவனுக்கே முதலில் சொல்லுரிமை உண்டு என்பதால் இது இயல்பே. ஆயினும், கம்பிகளுக்கு வெளியே நாள்தோறும் நின்று பணிபுரியும் அதிகாரியும் மனிதனே. அவன் உள்ளத்தில் எழும் நெருக்கடி யாது? சீருடையணிந்து நிமிர்ந்து நிற்கும் அவனுடைய தன்னம்பிக்கை எதிலிருந்து பிறக்கிறது? எந்தக் கட்டத்தில் அது ஆட்டங் காண்கிறது? இவ்வினாக்களை எழுப்பும் படைப்புகள் மிகச் சிலவே.

அச்சிலவற்றுள் ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய சிறு கட்டுரையொன்று முதன்மையானது. 'ஒரு தூக்கு' எனத் தமிழில் அதன் தலைப்பைச் சொல்லலாம். 1931 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் 'அடெல்பி' என்னும் இதழில் அது வெளிவந்தது. ஒரு மணி நேரத்திற்குள் படித்து முடித்துவிடக்கூடிய அக்கட்டுரை, மரண தண்டனையைக் கண்டிக்கும் எழுத்தாக உலகெங்கும் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பயிலப்படுகிறது. அந்த நோக்கு சரியானதே. ஆனால், தண்டனையை நிறைவேற்றுவோரின் மனச்சுமையைக் காட்டும் எழுத்தாகவும் அதைப் படிக்க வேண்டும். அவ்வாறு படிக்கும்போது, தமிழ் வாசகர் கடந்துபோகக் கூடாத ஒரு பாத்திரம் அதில் தென்படும். தண்டனையை நடத்தி முடிக்கும் தலைமைச் சிறையதிகாரியை ஆசிரியர் ஒரு திராவிடர் என்றே குறிப்பிடுகிறார்.

ஆசிரியரும் களமும்

ஆர்வெலின் இயற்பெயர் எரிக் பிளேர். அவர் 1903 ஆம் ஆண்டு பீகாரிலுள்ள மோத்திஹாரியில் பிறந்தார். இங்கிலாந்தில் ஈட்டன் பள்ளியில் படித்தபின் பல்கலைக்கழகம் செல்லாமல், 1922 இல் இந்தியப் பேரரசுக் காவல்துறையில் சேர்ந்து பர்மாவுக்குச் சென்றார். பெரிய சிறையொன்று அமைந்த இன்சேனிலும், பின்னர் மௌல்மீனிலும் பணியாற்றினார். 1927 இல் விடுப்பில் தாயகம் திரும்பியவர் மீண்டும் வேலைக்குச் செல்லாமல் பதவியைத் துறந்தார்.

அக்காலத்தில் பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். 1937 ஆம் ஆண்டில்தான் அது தனியாகப் பிரிக்கப்பட்டது. வங்காள விரிகுடாவைக் கடந்து தமிழரும் தெலுங்கரும் வங்காளியரும் அங்கே பெருந்திரளாகச் சென்று குடியேறினர். 1931 ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்போது ரங்கூன் மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியரே. துறைமுகக் கூலிகளாகவும் வட்டித் தொழில் புரிவோராகவும் எழுத்தர்களாகவும் காவலர்களாகவும் அவர்கள் பணிபுரிந்தனர். ஆளுவோர் ஆங்கிலேயர், ஆளப்படுவோர் பர்மியர், இடையில் நின்று ஆட்சி இயந்திரத்தை ஓட்டியவர்களுள் பலர் இந்தியர் என்னும் இந்நிலை, மலாயாவின் வரலாறறிந்த வாசகர்க்குப் புதிதன்று.

ஆர்வெல் தாம் கண்ட நிகழ்ச்சியைத்தான் எழுதினாரா, பல நிகழ்ச்சிகளை ஒன்றாக்கிப் புனைந்தாரா என்பது குறித்து ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. 1937 இல் வெளிவந்த 'விகன் துறைக்குச் செல்லும் பாதை' என்னும் நூலில், ஒரு மனிதன் தூக்கிலிடப்படுவதைத் தாம் பார்த்ததாக அவர் குறிப்பிடுகிறார். நிகழ்ச்சி எவ்வாறாயினும், அதில் வெளிப்படும் மனநிலை உண்மையானது என்பதற்கு அந்நூலே சான்று. சிறைக்குள் நுழையுந்தோறும் தம் இடம் கம்பிகளின் மறுபுறத்தில்தான் என்ற உணர்வு தமக்கு எழுந்ததாக அதில் அவர் கூறுகிறார். ஓர் இரவு இரயிலில் உடன் வந்த கல்வித்துறை அதிகாரி ஒருவரோடு, ஒருவரையொருவர் நம்பலாம் என்று அறிந்துகொண்டபின், விடியும்வரை இருளில் அமர்ந்து பேரரசைப் பழித்துப் பேசியதையும், பொழுது விடிந்ததும் தகாத செயல் புரிந்தவர்களைப் போல் இருவரும் பிரிந்து சென்றதையும் அதே நூல் சொல்கிறது. பகலில் பதவியின் குரலில் பேசி, இருளில் மட்டுமே தன் குரலில் பேச இயலும் என்ற நிலைதான் அதிகாரியின் மனநெருக்கடிக்கு வேர்.

மேடை நோக்கிய நடை

கட்டுரையின் கதைப்போக்கு எளியது. மழைக்காலத்துக் காலை வேளை. மெலிந்த உருவமுடைய ஓர் இந்துக் கைதியைத் தூக்குமேடைக்கு இட்டுச் செல்ல வேண்டும். ஆறு உயரமான இந்தியக் காவலர் அவனைச் சூழ்ந்து நிற்கின்றனர். சிறைக் கண்காணிப்பாளரான ஆங்கிலேய இராணுவ மருத்துவர் சற்று விலகி நின்று தம் கைத்தடியால் சரளைக் கற்களைக் கிளறிக்கொண்டிருக்கிறார். மணி எட்டு அடிக்கிறது. வேலை ஏன் இன்னும் முடியவில்லை என்று அவர் சினக்கிறார். இது முடியும்வரை மற்றக் கைதிகளுக்குக் காலை உணவு வழங்க இயலாது என்பதும் அவர் கவலைகளுள் ஒன்று.

இங்கே ஆர்வெலின் நுண்மை கவனிக்கத்தக்கது. கைதி திமிறவில்லை. சொன்னபடி கேட்கிறான். அவ்வாறிருந்தும் காவலர்கள் அவன் உடலை விட்டுக் கையெடுக்காமல் பற்றியிருக்கின்றனர். துள்ளி நீருக்குள் விழுந்துவிடக்கூடிய உயிர்மீனைப் பிடித்திருப்பவர்களுக்கு அவர்களை ஆசிரியர் ஒப்பிடுகிறார். வலிமை முழுவதும் ஒரு பக்கம். அச்சமும் அதே பக்கம். ஆறு பேரும் துப்பாக்கிகளும் ஓர் எலும்புந்தோலுமான மனிதனுக்காக அத்தனை எச்சரிக்கையுடன் இருப்பது ஏன்? தவறு நேர்ந்துவிடுமோ என்ற பதற்றம் அவர்களை ஆட்டிப் படைக்கிறது. தன்னம்பிக்கை உள்ளவனின் பிடி அவ்வாறு இறுகுவதில்லை.

அடுத்து ஒரு நாய் எங்கிருந்தோ ஓடி வருகிறது. மனிதர் பலர் கூடியிருப்பதைக் கண்டு மகிழ்ந்து துள்ளும் அந்நாய், கைதியின் முகத்தை நக்கத் தாவுகிறது. அனைவரும் திகைக்கின்றனர். அங்கிருப்போரில் யார் அதிகாரி, யார் கைதி என்ற வேற்றுமை அறியாதது அந்த நாய் ஒன்றே. அதைப் பிடிக்கச் சில நிமிடங்கள் ஆகின்றன. சடங்குபோல் ஒழுங்குபடுத்தப்பட்ட வரிசை ஒரு நாயால் குலைந்துவிடுகிறது. நடைமுறையின் கட்டுக்கோப்பையே பற்றுக்கோடாகக் கொண்ட மனங்களுக்கு அதன் சிறு குலைவும் தாங்க முடியாததாகி விடுகிறது.

மேடைக்கு இன்னும் 40 கச தூரமே உள்ளபோது, பாதையில் தேங்கியிருந்த நீரை மிதிக்காமல் கைதி சற்றே ஒதுங்கி நடக்கிறான். சில நிமிடங்களில் சாகப்போகும் அவன் கால் நனைவதைத் தவிர்க்கிறான். கதை சொல்பவன் அக்கணத்தில்தான், நலமும் உணர்வும் உடைய ஓர் உயிரை அழிப்பதன் பொருள் யாதென உணர்கிறான். பலரும் இப்பகுதியையே கட்டுரையின் உச்சமெனப் பாராட்டுவர். ஆனால், அவ்வுணர்வுக்குப் பின் அவன் செய்தது என்ன? எதுவுமில்லை. மற்றவர்களோடு சேர்ந்து நடக்கிறான். உண்மையைக் கண்ட பின்னும் வரிசையை விட்டு விலகாமல் நடப்பவன் சுமக்கும் சுமை, உண்மையைக் காணாதவனின் சுமையினும் கனமானது.

மேடையில் கயிறு மாட்டப்பட்டபின் கைதி தன் இறைவனின் பெயரைத் திரும்பத் திரும்பக் கூவத் தொடங்குகிறான். கண்காணிப்பாளர் ஆணையிடாமல் தலை குனிந்து நிற்கிறார். நொடிகள் நீளுகின்றன. நின்றோர் அனைவரின் முகமும் நிறம் மாறுகிறது. இந்தியக் காவலர் முகம் வெளிறுகிறது; துப்பாக்கி முனைக் கத்திகள் ஒன்றிரண்டு நடுங்குகின்றன. அவனை விரைந்து கொன்று அந்தக் குரலை நிறுத்திவிட வேண்டும் என்ற ஒரே எண்ணம் அனைவர் உள்ளத்திலும் எழுந்ததாக ஆசிரியர் எழுதுகிறார். இரக்கத்தாலன்று, தம் வேதனையிலிருந்து விடுபடுவதற்காகவே அவர்கள் அவன் சாவை விரும்புகின்றனர். கொடுமை பல வேளைகளில் வெறுப்பிலிருந்து மட்டுமன்றித் தாங்க இயலாமையிலிருந்தும் பிறக்கிறது என்னும் உளவியல் உண்மையை இதைவிடச் சுருக்கமாகக் காட்டுவது அரிது.

சிரிப்பு எங்கிருந்து வந்தது?

எல்லாம் முடிகிறது. கண்காணிப்பாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். எட்டு மணி எட்டு நிமிடம். இதன்பின் கட்டுரையின் போக்கே மாறுகிறது. எல்லோர் நெஞ்சிலும் பெரும் விடுதலையுணர்வு பொங்குகிறது. பாட வேண்டும், ஓட வேண்டும் என்று தோன்றுகிறது. ஓர் இளம் யூரேசிய அதிகாரி, தண்டனை உறுதியான செய்தி கேட்ட கைதி அச்சத்தால் எவ்வாறு நடந்துகொண்டான் என்பதைச் சொல்லிச் சிரிக்கிறான். உடனே தன் புதிய வெள்ளிச் சிகரெட்டுப் பெட்டியை நீட்டிக் காட்டுகிறான். தலைமைச் சிறையதிகாரி பழைய தூக்குகளைப் பற்றிக் கதை சொல்கிறார். முன்பொரு கைதி அறைக் கம்பிகளைப் பற்றிக்கொண்டு விடாததால், அவனைப் பிரித்தெடுக்க ஆறு காவலர் தேவைப்பட்டனராம். கதை சொல்பவனும் தான் உரக்கச் சிரித்துக்கொண்டிருப்பதை உணர்கிறான். கண்காணிப்பாளர் தம் காரிலிருந்த விஸ்கியைப் பகிர்ந்தளிக்கிறார். வெள்ளையரும் உள்நாட்டாரும் வேற்றுமையின்றிச் சேர்ந்து குடிக்கின்றனர். பிணம் 100 கச தூரத்தில் கிடக்கிறது.

இச்சிரிப்பை இரக்கமின்மை என்று ஒதுக்கிவிடுவது எளிது. அவ்வாறு ஒதுக்குவோர் கட்டுரையின் முற்பகுதியை மறந்தவராவர். நடுங்கிய கத்திமுனைகளையும் வெளிறிய முகங்களையும் ஆசிரியர் முன்னரே காட்டிவிட்டார். அந்த நடுக்கமே இப்போது சிரிப்பாக வடிவெடுக்கிறது. அழ இடமில்லாத இடத்தில், அழ உரிமையில்லாத சீருடையில், உள்ளம் கண்டுகொண்ட வடிகால் அது. திருவள்ளுவர் 'இடுக்கண் அழியாமை' என்னும் அதிகாரத்தில் துன்பத்தை எதிர்கொள்ளும் நகையைப் பேசுகிறார். அந்நகை துன்பத்தை நேருக்கு நேர் நோக்குவோன் நகை. ஆர்வெல் காட்டும் சிரிப்போ துன்பத்திலிருந்து முகந்திருப்பிக் கொள்வோர் சிரிப்பு. முன்னது தன்னம்பிக்கையின் அடையாளம். பின்னது அதன் வறுமைக்குச் சான்று.

முகமூடியும் முகமும்

இக்கட்டுரைக்கு விளக்கவுரைபோல் அமைவது, 1936 இல் ஆர்வெல் வெளியிட்ட 'யானையைச் சுடுதல்' என்னும் கட்டுரை. மௌல்மீனில் மதங்கொண்ட யானையொன்று ஒரு கூலியை மிதித்துக் கொன்றுவிட்டது. காவல் அதிகாரி துப்பாக்கியோடு செல்கிறார். அவர் சென்று சேரும்போது மதம் தணிந்து யானை புல் மேய்ந்துகொண்டிருக்கிறது. அதைக் கொல்லத் தேவையில்லை என்பது அவருக்குத் தெரியும். ஆனால், பின்னால் 2,000 பேருக்குக் குறையாத கூட்டம். அவர்கள் அவர் சுடுவார் என்று எதிர்பார்க்கின்றனர். சுடாமல் திரும்பினால் நகைப்புக்கு இடமாகும். சுடுகிறார். மூடனாகத் தோன்றாதிருக்க வேண்டும் என்பதொன்றே அதற்குக் காரணம் என்று கட்டுரை முடிகிறது.

அதிகாரியின் தன்னம்பிக்கை எத்தகையது என்பது இங்கே தெளிவாகிறது. அது அவனுக்குள் ஊறும் ஊற்றன்று. பிறர் பார்வையிலிருந்து கடன் பெற்றது. கடன் கொடுத்தவனுக்கு அஞ்சுவதுபோல் அவன் தன்னைப் பார்ப்போருக்கு அஞ்சுகிறான். ஆளுவோன் அணிந்த முகமூடிக்கேற்ப அவன் முகமே மாறிவிடுகிறது என்பது ஆர்வெலின் கருத்து. யானையைச் சுட்டவருக்குக் கூட்டம் முகமூடி அணிவித்தது. தூக்குமேடையில் நின்றோர் ஒருவர்க்கொருவர் முகமூடி அணிவித்துக்கொண்டனர்.

பிரான்சிஸ் என்னும் திராவிடர்

இனி, தமிழ் வாசகர் சற்றே நின்று நோக்க வேண்டிய பாத்திரத்திற்கு வரலாம். தலைமைச் சிறையதிகாரியின் பெயர் பிரான்சிஸ். பருத்த உடல், வெள்ளைச் சீருடை, பொற்சட்ட மூக்குக் கண்ணாடி. திராவிடர் என்பதற்கு மேல் அவரைப் பற்றி ஆசிரியர் ஒன்றும் சொல்லவில்லை. தமிழரா, தெலுங்கரா, மலையாளியா என்று அறுதியிட இயலாது. யானையால் மிதிபட்டு மாண்ட கூலியையும் ஆசிரியர் திராவிடன் என்றே சொல்கிறார். அவனைக் குறித்து வெள்ளையர் வழங்கும் பட்டப்பெயர், ஆந்திரக் கரையிலுள்ள கோரங்கித் துறைமுகத்தின் பெயரால் அமைந்தது. ஆக, ஆர்வெலின் புகழ்பெற்ற இரு பர்மியக் கட்டுரைகளிலும் தென்னிந்தியன் ஒருவன் வருகிறான். ஒன்றில் அவன் பிணம். மற்றொன்றில் பிணமாக்கும் பணியை மேற்பார்வையிடுபவன்.

பிரான்சிஸ் பேசும் ஆங்கிலத்தை ஆசிரியர் எழுத்துகளை இரட்டித்து, அவர் உச்சரிப்பைக் கேலிக்குரியதாக்கி எழுதுகிறார். அவர் பேச்சு மிகுதியானது, பணிவு மிகுதியானது, பெரிய சொற்களின் மேல் அவருக்குள்ள மோகமும் மிகுதியானது. வாசகர் அவரைக் கண்டு நகைக்க வேண்டுமென்பதே ஆசிரியரின் ஏற்பாடு. இங்கேதான் இத்தகு சிறந்த படைப்பிலும் ஒரு குறை தலைகாட்டுகிறது. ஆங்கிலேயக் கண்காணிப்பாளரும் அதே சுமையைச் சுமக்கிறார். அவர் மௌனமாக நின்று கற்களைக் கிளறுகிறார். அம்மௌனம் வாசகர்க்கு ஆழமாகத் தோன்றுகிறது. திராவிட அதிகாரி ஓயாது பேசுகிறார். அப்பேச்சு ஆழமின்மையாகத் தோன்றுகிறது. ஒரே மனநெருக்கடியின் இரு வெளிப்பாடுகளுள் ஒன்றுக்கு மதிப்பும் மற்றொன்றுக்கு நகைப்பும் ஏன்?

கட்டுரையிலுள்ள செய்திகளையே கொண்டு பிரான்சிஸின் நிலையைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஏற்பாடுகள் அனைத்தும் அவர் பொறுப்பு. காலம் தாழ்ந்தால் வசவு அவருக்கு. மேலதிகாரி சிடுசிடுக்கும்போது, எல்லாம் ஆயத்தம் என்று முகமலர்ந்து சொல்ல வேண்டியவரும் அவரே. கண்காணிப்பாளர் வேலை முடிந்ததும் விடைபெறலாம். கதை சொல்பவனோ எப்பணிக்காக அங்கே வந்தான் என்பதைக்கூடச் சொல்லாமல் விட்டுவிடுகிறான். பிரான்சிஸுக்கு அத்தகைய விலகல் இல்லை. அவர் சொல்லும் பழங்கதைகள் அவர் எத்தனை தூக்குகளைக் கண்டவர் என்பதைக் காட்டுகின்றன. முன்பு சில வேளைகளில் மருத்துவர் மேடைக்கடியில் சென்று உயிர் பிரிவதை உறுதிசெய்ய வேண்டியிருந்தது என்கிறார். இன்று அவ்வாறு நேரவில்லை என்று மகிழ்கிறார். இம்மகிழ்ச்சி கேட்போர் காதுக்குக் கொடூரம். ஆயினும், பல காலைகளின் கொடுங்காட்சிகளை நெஞ்சில் சுமந்தவன், இன்றைய காலை அவற்றைப் போன்றதன்று என்பதில் ஆறுதல் தேடும் குரலும் அதில் கேட்கிறது. ஆர்வெல் அக்குரலைக் கேட்டுப் பதிவு செய்தார். ஆனால், தம் உள்ளத்துக்கு அளித்த இடத்தை அவர் உள்ளத்துக்கு அளிக்கவில்லை.

இதனால் பிரான்சிஸ் குற்றமற்றவர் என்று சொல்வதற்கில்லை. கம்பியைப் பற்றிய கைதியை ஆறு பேர் இழுத்ததை நகைச்சுவையாக்குபவர், தம்முள் எதையோ இழந்துவிட்டவர். அந்த இழப்பு எவ்வாறு நேர்ந்தது என்று ஆராய்வதே திறனாய்வின் கடன். அவரைக் கோமாளியாக்கிச் சிரித்தால், தூக்குமேடையருகே எழுந்த சிரிப்பில் வாசகரும் பங்கு கொண்டவராவர்.

இளங்கோவடிகள் காட்டும் தயக்கம்

தண்டனையை நிறைவேற்றுவோரின் தயக்கம் தமிழிலக்கியத்திற்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதை இவ்வகையில் ஒப்புநோக்கத்தக்கது. கோவலனைக் கொல்ல அனுப்பப்பட்ட காவலர் அவனைக் கண்டதும் தயங்குகின்றனர். இவன் கொலைக்குரியவனாகத் தோன்றவில்லை என்கின்றனர். பொற்கொல்லன் உள்ளத்துள் எள்ளி நகைத்து, கள்வர் கையாளும் தந்திரங்களை நீளமாக விரித்துரைக்கிறான். காவலருள் இளையவன் ஒருவன், மழையிரவில் ஒரு கள்வன் தன் வாளையே பறித்துச் சென்ற பழைய நிகழ்ச்சியைச் சொல்கிறான். அவர்கள் பேசிக்கொண்டிருக்கையில், கல்வியறிவற்ற குடியன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான்.

இரு படைப்புகளிலும் நகைப்பு உண்டு, பழங்கதை உண்டு, மதுவும் உண்டு. இளங்கோவடிகளின் காப்பியத்தில் இவை கொலைக்கு முன் வந்து தயக்கத்தை அழிக்கின்றன. ஆர்வெலின் கட்டுரையில் இவை கொலைக்குப் பின் வந்து நினைவை அழிக்கின்றன. கருதத்தக்க வேற்றுமை இன்னொன்றும் உண்டு. இளங்கோவடிகளின் காவலர் தம் ஐயத்தை வாய்விட்டுச் சொல்கின்றனர். ஆர்வெலின் காவலர்க்கு அந்த உரிமையும் இல்லை. ஐயத்தைச் சொல்ல வாயில்லாதபோது அது கத்திமுனையின் நடுக்கமாகிறது. அரசன் ஆராயாது இட்ட ஆணையின் பழியை மதுரைக் காண்டம் அரசன் தலையிலேயே சுமத்துகிறது. ஆணையிட்டவன் யார் என்ற வினாவை ஆர்வெல் எழுப்பாமலே விடுகிறார். பேரரசு கட்டுரைக்கு வெளியே எங்கோ இருக்கிறது.

அறிவியல் சொல்வது

பிற்காலச் சமூகவியலும் இவ்விலக்கிய உண்மைக்கு அரண் செய்கிறது. அமெரிக்க அறிஞர் கிரெஷம் சைக்ஸ், நியூ ஜெர்சி மாநிலத்தின் டிரென்டன் சிறையை ஆராய்ந்து 1958 இல் 'கைதிகளின் சமுதாயம்' என்னும் நூலை வெளியிட்டார். சிறைக்காவலரின் அதிகாரம் முழுமையானது என்ற எண்ணம் மயக்கமே என்பது அவர் முடிபு. நூற்றுக்கணக்கானோரைச் சில காவலர் அடக்குமுறையால் மட்டும் ஆள இயலாது. கைதிகளின் ஒத்துழைப்பின்றி ஒரு நாளும் நகராது. ஆகவே, காவலர் சில விதிமீறல்களைக் கண்டும் காணாததுபோல் விடுகின்றனர். விட்டதற்காக மேலதிகாரிக்கு அஞ்சுகின்றனர். மேலே கட்டளையும் கீழே இணக்கமும் என இரு திசையிலும் இழுக்கப்படும் அவர்களின் தன்னம்பிக்கை தேய்வது வியப்பன்று.

ஐக்கிய நாடுகள் சபை 1955 இல் வகுத்த சிறை விதிகள் திருத்தப்பட்டு, 2015 இல் நெல்சன் மண்டேலாவின் பெயரால் ஏற்றுக்கொள்ளப்பட்டன. கைதிகளின் உரிமைகளைக் கூறும் அவ்விதிகள், சிறைப் பணியாளரின் தேர்வு, பயிற்சி, போதிய ஊதியம் ஆகியவற்றையும் வற்புறுத்துகின்றன. கைதியை மனிதனாக நடத்துவதற்குக் காவலனும் மனிதனாக நடத்தப்பட வேண்டும் என்ற தெளிவு அதில் உள்ளது. மலேசியாவில் 2023 ஆம் ஆண்டில் கட்டாய மரண தண்டனை நீக்கப்பட்டு, தண்டனையை முடிவு செய்யும் உரிமை நீதிபதிகளிடம் விடப்பட்டது. அதையொட்டிய வாதங்களில் குற்றத்திற்கு இரையானோர், தண்டனை பெற்றோர், அவர்தம் குடும்பத்தார் ஆகியோர் பற்றிப் பேசப்படுவது முறையே. அதிகாலையில் எழுந்து சென்று தண்டனையை நிறைவேற்ற வேண்டிய ஊழியரின் நெஞ்சமும் அவ்வாதங்களில் இடம்பெறத் தக்கது. 1931 ஆம் ஆண்டின் கட்டுரைக்கு இன்றும் பொருள் உண்டு என்பதற்கு இதுவே காரணம்.

தமிழ் எழுத்துக்கு ஒரு படிப்பினை

இக்கட்டுரையை வகுப்பில் பயிற்றும் ஆசிரியர், நீரை ஒதுங்கிச் சென்ற கைதியோடு நிறுத்திக்கொள்ளாமல், பிரான்சிஸின் பேச்சையும் மாணவரிடம் கொடுத்து ஆராயச் சொல்லலாம். அவர் எந்தக் கணத்தில் பேசத் தொடங்குகிறார், யாரை நோக்கிப் பேசுகிறார், எதைச் சொல்லாமல் விடுகிறார் என்று வினவலாம். அன்றிரவு அவர் வீடு திரும்பியபின் தம் தாய்மொழியில் என்ன பேசியிருப்பார் என்று எழுதச் சொல்லலாம். ஆர்வெல் எழுதாமல் விட்ட அந்தப் பக்கத்தை எழுதுவதற்குத் தமிழ் மாணவர் தகுதியுடையவரே.

இந்நாட்டுத் தமிழ் எழுத்தாளர்க்கும் இதில் எண்ணிப் பார்க்கத்தக்கது ஒன்றுண்டு. தோட்டப்புறக் கதைகளில் கங்காணியும் கிராணியும் அடிக்கடி வருகின்றனர். துரைக்குமுன் கூனிக் குறுகி, தொழிலாளிமுன் மார்நிமிர்த்தும் உருவங்களாக அவர்கள் தீட்டப்படுகின்றனர். அத்தகையோர் இருந்தனர் என்பது வரலாறு. அவர்களால் துன்புற்றோரின் கண்ணீரும் வரலாறே. ஆயினும், மேலிருந்து வரும் ஆணைக்கும் கீழிருந்து வரும் வெறுப்புக்கும் நடுவில் நின்ற அம்மனிதனின் உள்ளம் எத்தனை கதைகளில் திறந்து காட்டப்பட்டுள்ளது? பிரான்சிஸின் ஆங்கிலத்தை ஆர்வெல் எள்ளியதுபோல், கங்காணியின் அதட்டலை எள்ளிவிட்டுப் போவது எளிது. அதட்டுகிறவனின் அச்சத்தைக் காட்டும் கதை, அவனால் துன்புற்றவனுக்கும் நியாயம் செய்யும். தன்னைத் துன்புறுத்தியது எது என்பதை அப்போதுதான் அவன் முழுமையாக அறிய முடியும்.

ஆர்வெல் தம் பதவியைத் துறந்து, தம் சிரிப்பையும் மறைக்காமல் எழுதினார். அவ்வளவில் அவர் நேர்மை போற்றத்தக்கது. பிரான்சிஸுக்கு அத்தகைய வழி இருந்ததாகத் தெரியவில்லை. அடுத்த தூக்குக்கும் அவரே ஏற்பாடு செய்திருப்பார். எல்லாம் ஆயத்தம் என்று அப்போதும் முகமலர்ந்தே சொல்லியிருப்பார்.